முப்பத்தொரு உதறல்

1

1987 ஜூன் 8, திங்கட்கிழமை, விடியற்காலை 2 மணி 10 நிமிடம். முந்தின மாலை இருபது நிமிடம் மழை கொட்டி நின்றுவிட்டது. அதற்குப் பிறகு காற்றே இல்லை. கம்பைநல்லூர்ச் சத்திரத்தின் மாடிக் கூடத்தில் நான்கு மின்விசிறிகள், மூன்றுதான் ஓடின. ஜமக்காளத்தில் இருபத்து மூன்று ஆண்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். ஒன்பது பேர் குறட்டை விட்டார்கள். இருபத்து நான்காவது ஆளான நான் மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். விடிந்தால் என் அக்கா மகள் சுகுணாவுக்குக் கல்யாணம். முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரைக்குள். நான் தாய்மாமன், கனடாவின் வின்னிபெக் நகரத்திலிருந்து மனைவியோடும் ஆறு வயது மகளோடும் வந்திருந்தேன்.

அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. நான்தான் நிறுத்தினேன்.

முப்பத்தேழு ஆண்டு கழித்து இதை ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் என் மகள் நித்யா வீட்டில் ஒரு விருந்து. அவளோடு வேலை செய்பவர்கள் பதினொரு பேர் வந்திருந்தார்கள். பேச்சு தூக்கத்தின் பக்கம் திரும்பியது. அவரவர் கைக்கடிகாரத்தைத் தட்டி நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். உடனே நித்யா என்னைக் காட்டி, ஆங்கிலத்தில், எங்கள் அப்பா ஒரு காலத்தில் தூங்குகிற மாப்பிள்ளையைப் பார்த்தே அவனுக்கு வலிப்பு நோய் என்று கண்டுபிடித்து என் மாமா பெண்ணைக் காப்பாற்றினார் என்றாள். சுகுணா அவளுக்கு அத்தை மகள். மாமாவும் அத்தையும் அவளுக்கு எப்போதோ ஒன்றாகிவிட்டார்கள். பதினொரு பேரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

அவளுக்கு அப்படிச் சொன்னதும் நான்தான். 1987இல் திரும்பி வரும் விமானத்தில், ஏன் கல்யாணம் நடக்கவில்லை, புதுப் பாவாடை வீணாகிவிட்டதே என்று கேட்டாள். குழந்தைக்குச் சொல்ல எனக்குக் கிடைத்த பதில் அது. அவள் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறாள். எனக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. உண்மையை எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

நான் தருமபுரிக் கல்லூரியில் விலங்கியல் பட்டம் வாங்கியவன். என் மனைவி நர்ஸ். அவள்தான் முதலில் கனடா போனாள்; 1982இல் நானும் போனேன். என் பட்டத்தை அங்கே மதிப்பிட ஏழு படிவங்கள், இரண்டு நோட்டரி முத்திரை, சென்னைக்கு நான்கு கடிதங்கள். ஐந்து மாதம் கழித்து, உங்கள் படிப்பு இங்கே பள்ளி இறுதி வகுப்புக்குச் சமம் என்று ஒரே பக்கத்தில் பதில் வந்தது. நான்கு வருடம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கட்டிலை வார்டுக்கு வார்டு தள்ளினேன். ஒரு நாளைக்குச் சராசரி இருபத்தாறு கட்டில்.

1986 நவம்பரில் அதே ஆஸ்பத்திரியில் தூக்க ஆய்வுக்கூடத்தில் பயிற்சிக்கு ஆள் கேட்டார்கள். ஊரில் இந்த வேலைக்குப் பெயரே கிடையாது. தூக்கத்தில் கோளாறு உள்ளவர்களை ஓர் இரவு அங்கே படுக்க வைத்து, தலையிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் முழங்காலுக்குக் கீழேயும் மின்கம்பி ஒட்டி, அவர்கள் தூங்குவதைக் காகிதத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒட்டுவதற்கு முன் தலையை நாடாவால் அளந்து சிவப்புப் பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும். ஒட்டுகிற பசைக்கு நெயில் பாலிஷ் நெடி. எல்லாக் கம்பியும் சுவர் வழியாக அடுத்த அறையில் இருக்கும் இயந்திரத்துக்கு வரும். அங்கே வரிசையாகப் பேனாக்கள், ஓடிக்கொண்டே இருக்கும் காகிதம். முப்பது வினாடிக்கு ஒரு பக்கம். எட்டு மணி நேரத்துக்குத் தொள்ளாயிரத்து அறுபது பக்கம். விடிந்த பிறகு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, இது மேலோட்டமான தூக்கம், இது ஆழ்ந்த தூக்கம், இது கனவு என்று குறிக்க வேண்டும்.

எனக்காகவே செய்த வேலை போலிருந்தது. சின்ன வயதிலிருந்தே எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. படி எண்ணுவேன், பஸ் ஜன்னல் எண்ணுவேன். இங்கே அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

அந்தப் பயிற்சியில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, பதிவு எடுக்கிற டெக்னாலஜிஸ்ட் முடிவு சொல்லக் கூடாது. காலை ஆறு மணிக்குக் கம்பியைப் பிரிக்கும்போது நோயாளி கட்டாயம் கேட்பார், எனக்கு என்ன இருக்கிறது என்று. ‘டாக்டர் சொல்வார்’ என்பது மட்டும்தான் பதில். முதல் வாரமே அந்த வாக்கியத்தைப் பழக்கினார்கள். இரண்டாவதை யாரும் சொல்லித் தரவில்லை, அது அப்படி அமைந்திருந்தது: நாங்கள் நோயாளியைப் பார்ப்பதில்லை. அவர் இருட்டில், போர்வைக்குள். நாங்கள் அடுத்த அறையில், விளக்கடியில், மையைப் பார்த்துக்கொண்டு. ஏழு மாதத்தில் நாற்பத்தொரு பேருடைய தூக்கத்தைக் குறித்தேன். தூங்குகிற ஒரு மனிதனைக்கூட அருகில் நின்று பார்க்கவில்லை.

3

டாக்டர் என்ற பெயர் எனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1986 டிசம்பரில் வெள்ளைக் கோட்டுப் போட்டு, இயந்திரத்தின் பக்கத்தில் நின்று எடுத்த புகைப்படம் ஒன்றை அக்காவுக்கு அனுப்பினேன். அனுப்பும்போதே என் மனைவி, கோட்டைக் கழற்றிவிட்டு வேறு எடுங்கள் என்றாள். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் போட்டுக்கொள்கிற கோட்டுதானே என்றேன். உண்மைதான். ஆனால் அக்கா என்ன நினைப்பாள் என்று எனக்குத் தெரியும்; தெரிந்துதான் அனுப்பினேன். அவள் அதற்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். கட்டில் தள்ளிய நான்கு வருடமும் நான் ஊருக்கு ஒரு படம்கூட அனுப்பியதில்லை.

ஏப்ரலில் கல்யாணப் பத்திரிகை வின்னிபெக்குக்குத் தபாலில் வந்தது. மஞ்சள் தடவிய மூலை. தாய்மாமன் என்ற வரியில் என் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’. ஊருக்குப் போக இன்னும் ஐந்து வாரம் இருந்தது. ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். என் மனைவி பத்திரிகையை இரண்டு முறை படித்தாள், மடித்து அலமாரியில் வைத்தாள். மீனம்பாக்கத்தில் இறங்கும்போது கொடுத்த அட்டையில் தொழில் என்ற இடத்தில் நான் ‘மெடிக்கல்’ என்று மட்டும் எழுதினேன். பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

ஞாயிறு மாலை சத்திரத்தில் எனக்குக் கைவைத்த நாற்காலி போட்டார்கள். மாப்பிள்ளை குமரேசன் நல்லம்பள்ளிப் பக்கத்துப் பையன், இருபத்தேழு வயது, மின்கம்பம் ஏறும் லைன்மேன். அவனுடைய அப்பா சாலை வேலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரே வந்து எனக்கு விசிறினார். முழங்கால் வலிக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், தலைசுற்றலுக்கு ஒரு அம்மா. ஆறு பேருக்கு நான் யோசனை சொன்னேன். ‘டாக்டர் சொல்வார்’ என்ற வாக்கியம் அன்று மாலை எனக்கு ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை.

4

விடியற்காலை இரண்டு பத்துக்கு என் உடம்புக்குப் பகல். இரவு வேலை செய்கிறவனுக்கு ஊரார் தூங்கும் நேரத்தில்தான் கண் நன்றாகத் திறக்கும். படிக்கட்டு டியூப் லைட்டின் வெளிச்சம் மாப்பிள்ளை மேல் விழுந்தது. வேட்டி முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. அவனுடைய வலது கால் உதறியது. கட்டை விரல் மேலே தூக்கியது, பாதம் மடங்கியது, முழங்கால் சற்று வளைந்தது, பிறகு தளர்ந்தது. அவன் விழிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடியும்.

பையில் சிறு குறிப்பேடு இருந்தது. வாட்சைப் பார்த்து இடைவெளியை எழுதினேன். இருபத்தாறு வினாடி. இருபத்தெட்டு. இருபத்தேழு. இருபத்தைந்து. இருபத்தேழு. பதினான்கு நிமிடத்தில் முப்பத்தொரு தடவை. இரண்டு இருபத்து நான்குக்கு அவன் புரண்டு படுத்தான், உதறல் நின்றது. எனக்கு வியர்த்திருந்தது. பயத்தில் என்று அப்போது நினைத்தேன். இப்போது நேர்மையாகச் சொன்னால், அதில் பாதி மகிழ்ச்சி. எல்லோரும் தூங்கும்போது நான் ஒருவன் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன்.

அவனை எழுப்பவில்லை. அவன் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீழே சாமான் அறைக்கு இறங்கிப் போனேன். வாழையிலைக் கட்டுகளுக்கும் தேங்காய் மூட்டைக்கும் நடுவே அக்காவும் மச்சானும் தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருந்தார்கள். மச்சான் புளி, வேர்க்கடலை வியாபாரி.

“மச்சான், மாப்பிள்ளைக்கு வலிப்பு இருக்குது” என்றேன்.

அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். “தூக்கத்துல பொரண்டிருப்பான் மாப்ள. நல்லா பாத்தியா?”

“முப்பத்தோரு தடவை இழுத்துச்சு. எழுதி வெச்சிருக்கறேன்.”

குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். ஆங்கிலம் தெரியாது, எண்கள் தெரியும். ஏழெட்டுத் தடவை என்று சொல்லியிருந்தால் என்னைப் படுக்கப் போகச் சொல்லியிருப்பார். முப்பத்தொன்று என்றதும் நம்பிவிட்டார்.

“கம்பம் ஏர்றவனாச்சேடா. மேல இருக்கறப்ப இழுத்துட்டா எம் பொண்ணு கதி என்னாடா சாமி?” என்று அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்று மணிக்குள் மாப்பிள்ளை வீட்டாரை எழுப்பிவிட்டார்கள். மேஸ்திரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். தன் பையனுக்குத் தலைவலிகூட வந்ததில்லை என்றார். பிறகு, குத்தலாக இல்லை, உண்மையான மரியாதையோடு, “டாக்டருங்க எந்த ஊரு காலேஜ்லங்க படிச்சீங்க?” என்று கேட்டார். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னேன். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

குமரேசன் பின்னால் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான். எல்லோரும் அவன் காலையே பார்த்தார்கள். அவனும் குனிந்து பார்த்துக்கொண்டான். அவனோடு வந்த நண்பன் ஒருவன், “கால ஒதறுனா வலிப்புங்களா? எங்க வூட்டு நாய்கூடத்தான் ஒதறுது. அதுக்கும் ஒரு சீட்டு எழுதிக் குடுங்க” என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெட்டியாக்கியது. இது சிரிக்கிற விஷயம் இல்லை, வெளிநாட்டில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது, தாய்மாமன் என்ற முறையில் நான் சம்மதிக்க மாட்டேன் என்று பேசினேன். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் கையைப் பிடித்து அழைத்துப் போய் உட்கார வைக்காமல் பெண் மணவறை ஏறுவதில்லை. அதற்கு மேல் யாரும் பேச முடியாது.

என் மனைவி அப்போதுதான் பெண்கள் பகுதியிலிருந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “நீங்க யாருன்னு இவங்ககிட்ட நான் சொல்லட்டுமா?” என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் சொல்லவில்லை. நான்கு வீட்டார் முன்னால் புருஷன் மானம் போகக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டாள். பல வருடம் கழித்து ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, அன்று நான் வாயைத் திறந்திருக்க வேண்டும், அந்தப் பங்கு என்னுடையது என்றாள்.

நான்கரை மணிக்குச் சுகுணா கூப்பிட்டனுப்பினாள். ஆசிரியப் பயிற்சி முடித்தவள், இருபத்தொரு வயது. பாதித் தலைக்குப் பூ வைத்துத் தைத்திருந்தது. ஊசி அப்படியே பின்னலில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை.

“மாமா, இத நீங்க டாக்டரா சொல்றீங்களா, மாமாவா சொல்றீங்களா?”

நல்ல கேள்வி. அவ்வளவு பேரில் அவள் ஒருத்திதான் சரியான கேள்வியைக் கேட்டாள். மாமாவாக என்று சொல்லியிருந்தால், ‘அப்ப பொறுங்க, ஒரு டாக்டர்கிட்ட காட்டலாம்’ என்றிருப்பாள். அதற்கு இடம் இருந்தது. தருமபுரி இருபது சில்லறை மைல்தான்.

“டாக்டராத்தான் சொல்றேன்” என்றேன்.

“அப்ப சரிங்க மாமா” என்று சொல்லி, கையைப் பின்னால் கொண்டுபோய் முதலில் ஊசியை எடுத்தாள். பிறகு பூவைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

ஐந்தே முக்காலுக்கு மாப்பிள்ளை வீட்டார் பஸ் கிளம்பியது. நானூறு பேருக்கு வடித்த சோற்றை ஊரில் வீடு வீடாகக் கொடுத்தார்கள். அன்று ஊரில் எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று மட்டும் நான் எண்ணவில்லை.

5

ஜூன் 23 வேலைக்குத் திரும்பினேன். ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர் ஒருவருடைய பதிவு என் மேசையில் இருந்தது. நூற்றுப் பத்தாவது பக்கம் வரை வந்தபோது, காலுக்கான பேனாவின் கோட்டில் ஒரு முள். அடுத்த பக்கத்தில் ஒன்று. அதற்கடுத்து ஒன்று. ஒரு வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் காகிதம் ஓடும். ஆகவே ஸ்கேல் வைத்தால் இடைவெளி தெரிந்துவிடும். இருபத்தாறு சென்டிமீட்டர். இருபத்தேழு. இருபத்தைந்து. இருபத்தொன்பது. இருபத்தாறு.

இதை நான் முன்பே நான்கு பேருக்குக் குறித்திருக்கிறேன். தூக்கத்தில் கால் சீராக உதறுவது, பல பேருக்கு உண்டு, அவர்களுக்கே தெரியாது, வலிப்பு இல்லை. பாடப்புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம். தேர்வில் கேட்பார்கள் என்று அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன்.

கோட்டுப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தேன். இருபத்தாறு, இருபத்தெட்டு, இருபத்தேழு, இருபத்தைந்து, இருபத்தேழு. இரண்டையும் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தேன். மையாக வந்திருந்தால் சத்திரத்திலேயே அரை நிமிடத்தில் சொல்லியிருப்பேன். தோலும் விரலுமாக வந்ததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

இரண்டு இரவு கழித்து வேறொருவருக்குக் காலுக்கான பேனா அதே மாதிரி குத்த ஆரம்பித்தது. நான் செய்யக் கூடாததைச் செய்தேன். எழுந்து, இருட்டறைக்குள் போய், அவர் போர்வையின் கீழ்முனையைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளைக்கார வயோதிகருடைய கால். கட்டை விரல் மேலே தூக்கியது. பாதம் மடங்கியது. முழங்கால் சற்று வளைந்தது. தளர்ந்தது. அவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் போர்வையை மூடிவிட்டு வெளியே வந்து, கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

6

அன்றே ஊருக்கு எழுதினேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஜூன் முதல் நவம்பர் வரை பதினான்கு நீலக் கடிதத் தாள்களை எடுத்து எழுதிக் கிழித்தேன். பதினைந்தாவதைத்தான் போட்டேன். அதிலும் நேராக எழுதவில்லை. ஆஸ்பத்திரி அறிக்கையில் எப்படி எழுதுவோமோ அப்படி எழுதினேன்: ‘மீண்டும் ஆராய்ந்ததில், அன்று காணப்பட்டது வலிப்பாக இல்லாமல் இருக்கவும் வாய்ப்புள்ளதாகக் கருதப்படுகிறது.’ கண்டவன் யார், கருதுகிறவன் யார் என்று அந்த வரியில் எங்கும் இல்லை. நான் டாக்டர் இல்லை என்பதும் இல்லை.

மச்சான் பதில் போட்டார். பையனைப் பெங்களூருக்கு அழைத்துப் போய் மூளைக்குச் சோதனை எடுத்து, ஒன்றுமில்லை என்று சர்டிபிகேட் வாங்கிவிட்டார்கள். அதுவரை நான்கு மாதம் அவனைக் கம்பம் ஏற விடாமல் ஸ்டோரில் போல்ட்டு எண்ண வைத்திருந்தார்கள். ஐப்பசியில் வேறு பெண்ணோடு கல்யாணம் ஆகிவிட்டது. சுகுணா சித்தேரி மலையில் பள்ளிக்கூட வேலை கிடைத்துப் போய்விட்டாள். கீழே இருந்தால் ஆள் மாற்றி ஆள் கேட்பார்கள், மலை மேல் யாரும் கேட்பதில்லை என்றாளாம். கடிதத்தில் என் உடல் நலத்தையும் விசாரித்திருந்தார். மாப்ள என்றுதான் ஆரம்பித்திருந்தார்.

அடுத்த ஆண்டு நான் தேர்வில் தேறிச் சான்றிதழ் வாங்கினேன். இருபத்தெட்டு வருடம் அந்த வேலையைச் செய்தேன். சுமார் நாலாயிரம் பேருடைய தூக்கம் என் கையால் குறிக்கப்பட்டிருக்கிறது. பயிற்சிக்கு வருகிறவர்களை ஒரு தடவையாவது அறைக்குள் அழைத்துப் போய்க் காலைக் காட்டுவேன். ஏன் என்று கேட்டால் சொல்லமாட்டேன்.

போன வாரம் நித்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு ஆங்கிலத்தில் வெட்கப்படத் தெரியவில்லை. அவளுக்குத் தமிழில் பாதிதான் புரியும். ஒரு மாதிரி சொல்லி முடித்தேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்து, “டாட், இட் வாஸ் ஸோ லாங் அகோ” என்றாள். பிறகு என் மணிக்கட்டைத் திருப்பி, அவள் வாங்கிக் கொடுத்த கடிகாரத்தைப் பார்த்து, நேற்று நான்கு மணி நேரம்தான் தூங்கியிருக்கிறீர்கள் என்று கவலைப்பட்டாள். அவ்வளவு சுலபமாக ஒருவர் மன்னித்துவிட்டால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சுகுணா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது என்னால்தானா என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்று இப்போது கம்பைநல்லூரில் இருக்கிறாள். பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வாள். சாப்பிட்டீங்களா மாமா என்பாள்.

7

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

1989 ஜனவரியில் தனியாக ஊருக்குப் போனேன். அரூரில் பஸ் பிடித்து சித்தேரி ஏறினேன். மலையில் குளிர், பிள்ளைகள் சாக்கைப் போர்த்திக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள், நாற்பத்தொரு பேர். சுகுணா வருகைப் பதிவேட்டை மூடிவிட்டு எனக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். நான் வழியெல்லாம் யோசித்து வைத்ததைச் சொன்னேன். தவறு என்னுடையது, நான் டாக்டர் இல்லை, டாக்டராக ஒருநாளும் இருந்ததில்லை. அவளைக் கனடாவுக்கு அழைத்துக்கொள்கிறேன், அங்கே மேலே படிக்கலாம், படிவங்களை எல்லாம் நானே நிரப்பிக் கொண்டுவந்திருக்கிறேன்.

அவள் படிவங்களைத் தொடவில்லை. டாக்டர் இல்லை என்பது எப்போதோ தெரியும் என்றாள். என் மனைவி அந்த வருடமே அவளுக்குத் தனியாக எழுதியிருந்தாளாம். பிறகு, குமரேசனைப் பெயர் சொல்லாமல், சொன்னாள்:

“எனக்கு நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாங்க மாமா. நான் இங்க நல்லாத்தான் இருக்கறேன். அவருக்கு ஆறு மாசத்துல பையன் இருக்கறான். அந்தக் கொளந்தைக்கு ஜுரம் வந்தாக்கூட, அப்பனுக்கு இருக்கறது புள்ளைக்கும் வந்துருச்சின்னு அந்த ஊர்ல பேசறாங்களாம். இங்க எங்கூட வேல செய்யற டீச்சர் அந்த ஊருதான், அவங்க சொன்னாங்க. சர்டிபிகேட்ட யாருங்க படிக்கறாங்க? நீங்க வாயில சொன்னதுதான் ஊரு சுத்துது. வாயிலயே போய் சொல்லுங்க. நாலு பேரு கேக்கறாப்பல சொல்லுங்க.”

மறுநாள் தருமபுரியில் வாடகைக் கார் பிடித்தேன். பஸ்ஸில் போகத் தைரியம் இல்லை. தெரிந்தவர்கள் யாராவது டாக்டர் என்று கூப்பிட்டுவிட்டால் பாதியில் இறங்கித் திரும்பிவிடுவேன் என்று பயம். நல்லம்பள்ளி தாண்டி விசாரித்தபோது, லைன்மேன் தோட்டத்துப் பக்கம் கம்பத்தில் இருக்கிறார் என்றார்கள். போனேன். குமரேசன் இடுப்பில் கயிறு கட்டி உச்சியில் நின்றுகொண்டிருந்தான். கீழே இரண்டு உதவியாட்கள், கிணற்று மேட்டில் கரண்டுக்குக் காத்திருந்த விவசாயிகள் ஐந்து பேர், புல்கட்டை இறக்கி வைத்துவிட்டு நின்ற ஒரு அம்மா. எட்டுப் பேர்.

கீழே இறங்கி வரும்படி கூப்பிட்டேன். அவன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். பாதி வேலையில் இறங்க முடியாது, அங்கிருந்தே சொல்லுங்கள், கேட்கும் என்றான்.

இருவர் மட்டும் தனியாகப் பேசுவது போல அதை நான் மனதில் ஒத்திகை பார்த்திருந்தேன். இப்போது கழுத்தை அண்ணாந்து, கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. “நான் டாக்டர் இல்லீங்க. தூக்கத்துல கால் ஒதறுறது வலிப்பு இல்லீங்க. எனக்குத் தெரியாம சொல்லிட்டேன். தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க. உங்க குழந்தைக்கும் ஒண்ணும் இல்லீங்க.” காற்று அடித்தது. “என்னங்க?” என்றான். மறுபடி கத்தினேன். புல்கட்டு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், “யாரு இவுரு?” என்று கேட்டாள். அவளுக்கும் கேட்கட்டும் என்று மூன்றாவது முறையும் கத்தினேன்.

மேலே அவன் கை நிற்கவில்லை. இடுக்கியால் எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான்.

“கேட்டுச்சுங்க” என்றான். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஒயரு விழும்.”

தள்ளி நின்றேன். கம்பி விழுந்தது. அவன் அடுத்த கம்பிக்குக் கை நீட்டினான். நான் காருக்கு நடந்தேன்.

போக வர கார் வாடகை, ஒரு மணி நேரக் காத்திருப்பு உட்பட, நூற்று அறுபத்தைந்து ரூபாய். டிரைவருக்கு டீயும் வடையும் இரண்டரை ரூபாய். ஆக மொத்தம் எனக்குச் செலவானது நூற்று அறுபத்தேழு ரூபாய் ஐம்பது காசு. அன்றைய மாற்று விலையில் பதின்மூன்று டாலருக்குக் கொஞ்சம் மேலே.